கூண்டு ஏறிய நாள்

புனாவுக்கு அருகில் ஹடப்ஸர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இயந்திரமில்லாத விமானத்தில் பறப்பதற்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். என் தங்கையின் மகன் உத்தியோக நிமித்தம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். சேர்ந்த நாளிலிருந்து தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அந்த மைதானத்துக்கே அர்ப்பணம் செய்துவிட்டான். எண்ணெய் தேய்த்து ஸ்நானம் செய்வது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது ஆகிய இரண்டு நற்பழக்கங்களும் அன்றோடு அவனை விட்டு விலகின என்று என் தங்கை குறைப்பட்டுக் கொள்கிறாள்.

'கிளைடர்' என்னும் இந்த விமானத்தைப் பற்றி அறியாத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. அதற்கு நீண்ட சிறகுகள் உண்டு, எஞ்சின் கிடையாது. மைதானத்தின் ஒரு கோடியில் பெரிய உருளை ஒன்றை வைத்து, அதில் எஃகுக் கயிற்றைச் சுற்றி, மறு கோடியில் நிற்கும் கிளைடரை விரைவாக இழுப்பார்கள். சிறுவன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது காற்றாடி எப்படி எழும்புகிறதோ அப்படியே அதுவும் எழும்பும். போதிய உயரம் சென்றதும் கயிற்றைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் காற்றே கதி. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக் காற்று தூண்போல் மேலெழும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள்ளேயே வட்டமிட்டுக் கொண்டிருந்தால் மேலே மேலே போகலாம். சிதம்பரம் கோபுரத்துக்கு மேல் பருந்து சிறகை அசைக்காமல் சுற்றுகிறதே, அதே வித்தைதான்.

ஆகவே வெயில் இல்லையென்றால் இந்த வித்தை இல்லை. மழை பெய்தாலும், காற்று முறை தவறி அடித்தாலும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் என் மருமான் எனக்கு நாலு பக்கம் எழுதியிருந்தான். விடியற்காலையில் போனவர்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். ஒருவர் கிளைடரின் உடலைத் துணியால் துடைத்தார். இருவர் எஃகுக் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே போய், இழை அறுந்த இடங்களில் அடையாளம் வைத்தார்கள். கற்றுக் கொடுப்பவர் பலகையில் மேகங்களை வரைந்து பாடம் சொன்னார். தேநீர் எத்தனை முறை வந்தது என்பதற்குக் கணக்கில்லை. கால்மணிக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு புகார் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கொஞ்சம் வெளுத்ததாம். 'ஒரு முறை போய்வரலாமே' என்று இளைஞர்கள் எல்லோரும் துடித்தார்களாம். ஆனால் போக முடியவில்லை. ஏனென்றால் காலையிலேயே பெரியவர் ஒருவர், 'இன்றைக்குச் சிறகுகளைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம்' என்று சொல்லிக் கழற்ற வைத்துவிட்டார். சிறகுகள் ஒரு பக்கம் கிடந்தன; உடல் ஒரு பக்கம் கிடந்தது. மறுபடி பூட்டி முடிப்பதற்குள் மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. 'மாமா, இதைவிட அசட்டுத்தனமான ஏற்பாடு உண்டா?' என்று கேட்டிருந்தான்.

உபாத்தியாயராக இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியுமா? 'முன்யோசனை இல்லாத காரியம். வேலையை வகுத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்' என்று தீர்ப்பு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அந்தத் தீர்ப்பை நானே ரத்து செய்துகொள்ள நேர்ந்தது. அதற்காகப் புனாவுக்குப் போகவில்லை. கடலூர் முதுநகர் வரையில்தான் போனேன்.

2024-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசி வாரம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகி, எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க முடியாமல் நின்று நின்று நகர்ந்து கொண்டிருந்தது. 'புயலாக மாறும்' என்றார்கள். பிறகு 'மாறாது, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும்' என்றார்கள். 29-ம் தேதி மாறியே விட்டது. அதற்குப் பெஞ்சல் என்று பெயர். அதற்கு முந்திய நாட்களில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு மழை விடுமுறை. சிதம்பரத்தில் அன்று தூறல்தான். என் பழைய மாணாக்கன் ஒருவன் முதுநகர்த் துறைமுகத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் இருக்கிறான். அவன் தம்பி கல்லூரியில் வாசிக்கிறான். உதவித்தொகை விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "விடுமுறை விட்டது வீட்டில் இருப்பதற்கு, ஊர் சுற்றுவதற்கு அல்ல" என்று என் வீட்டு அம்மாள் நியாயமாகவே எடுத்துச் சொன்னாள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிள்ளையைத் தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். ஆறு கலங்கலாகக் கரைபுரண்டு பரங்கிப்பேட்டைக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் மழைத் திரைக்குள் வந்து போயின. கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் இறங்கினபோது மழை விட்டிருந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏறியிருந்தது.

இந்தக் கூண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1864-ம் வருஷம் அக்டோபரில் கல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கிப் பேரழிவை உண்டாக்கியது. அதன் பயனாக மறு வருஷமே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. இந்திய வானிலை இலாகா பிறந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1875-ல். நாளடைவில் கடற்கரை முழுவதும் துறைமுகங்களில் கம்பம் நட்டு, பகலில் கூம்பும் உருளையுமான உருவங்களையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளையும் தொங்கவிடும் வழக்கம் நிலைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கூடுபோல் தெரிவதால் நம் ஜனங்கள் அதைக் கூண்டு என்றார்கள். பத்திரிகைகளும் அவ்வாறே எழுதுகின்றன.

முதல் எண் என்றால் எங்கேயோ தொலைவில் தாழ்வு மண்டலம் தோன்றியிருக்கிறது. இரண்டு என்றால் அது அங்கே புயலாகிவிட்டது. மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே முன்னறிவிப்பு. ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம். எட்டிலிருந்து பத்து வரை பெரிய அபாயம். அந்தந்த எண், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையேறும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வகுப்பில் இதை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பையன், "அப்படியானால் பதினோராம் எண் ஏறினால் ஊரே அழிந்துவிடுமா, ஸார்?" என்று கேட்பது வழக்கம். இல்லை. பதினோராம் எண்ணின் பொருள் வேறு: 'எச்சரிக்கை நிலையத்தோடு எங்களுக்குத் தொடர்பு அறுந்துவிட்டது, கெட்ட வானிலை வரும் என்று தோன்றுகிறது.' அதாவது, செய்தி இல்லை என்பதே எல்லாவற்றுக்கும் மேலான எண்! அதை ஏற்படுத்தியவர் யாரோ, அவர் ஒரு ஞானி என்று நான் நினைப்பதுண்டு. 2017-ம் வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் திடீரென்று மூண்டபோது, ஆழ்கடலில் பல நாளாகத் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தக் கம்பத்தில் எந்த எண் ஏறி என்ன பயன்? தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் போனவர் திரும்பி வரவில்லை.

குப்பத்தில் படகுகளையெல்லாம் உப்பனாற்றுக் கரையில் மேடேற்றிக் கட்டியிருந்தார்கள். எல்லாம் கண்ணாடி இழைப் படகுகள். 'ஃபைபர்' என்று சொல்கிறார்கள். ஆங்கில அகராதிக்கே ஒரு வார்த்தையைத் தானம் செய்த கட்டுமரம் இப்போது அருமையாகத்தான் கண்ணில் படுகிறது. 2004-ம் வருஷ ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அதை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டன.

என் மாணாக்கன் ஓடி வந்து குடையை வாங்கிக்கொண்டான். வகுப்பில் பூகோளப் பாடத்தில் தேறாதவன். இப்போது இருட்டில் கரை தெரியாத தூரத்திலிருந்து வீட்டுக்கு வழி கண்டுபிடித்து வருகிறான். கையெழுத்துக் காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அவனுடைய தாயார், "மழையில் வந்திருக்கிறீர்களே ஐயா, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றாள். நான் சைவன் என்பது அவளுக்குத் தெரியும். ஆதலால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் சாம்பார்.

சாப்பாட்டுக்கு நேரமிருந்தது. வலை வைக்கும் கொட்டகைக்குப் போனோம். அங்கே நுழைந்ததும் எனக்கு ஹடப்ஸர் கடிதம் நினைவுக்கு வந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். நாலைந்து பேர் நீளமாக வலையை விரித்துப் போட்டு, கிழிந்த இடங்களை வெட்டி எடுத்துப் பின்னிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் ஈயக் குண்டுகளைக் கயிற்றில் கோத்தார். இன்னொருவர் மிதவைகளை எண்ணி அடுக்கினார். ஒரு பையன் மூலையில் உட்கார்ந்து செல்போனில் மேகப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். கால்மணிக்கு ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். தேநீர் வந்தது. மறுபடியும் வந்தது.

நடுவில் கோணி விரித்து, அதன்மேல் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். திருகாணிகள், வளையங்கள், ஏதேதோ தகடுகள் எல்லாம் டீசலில் நனைந்து கிடந்தன. அதன் அருகே அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அமர்ந்து பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரு சிறு உறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் என் மாணாக்கனுக்குப் பெரியப்பா. "வாத்தியாரய்யா வாங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் சும்மா இருக்கக்கூடாது என்றெண்ணி ஒரு வலை ஊசியை வாங்கிக்கொண்டேன். மூங்கில் பத்தை ஒன்றை அளவாகப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து முடிச்சிட வேண்டும். முடிச்சு இறுகினால் ஒரு கண். பத்தையின் அகலந்தான் கண்ணின் அளவு. கண்ணின் அளவுதான் எந்த மீன் மாட்டும், எது தப்பும் என்பதன் விதி. அரைமணி நேரம் பாடுபட்டு நாலு கண் போட்டேன். பெரியவர் அதை வாங்கி விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். மூன்று அவிழ்ந்துவிட்டன. "ஒன்று நிற்கிறது, பரவாயில்லை" என்றார். என் வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து வாங்கிய பையனிடம் நான் அவ்வளவு இரக்கம் காட்டியதில்லை.

புயல் வருவது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். இப்போது செல்போனிலேயே வந்துவிடுகிறது, இலாகாவும் ஒலிபெருக்கியில் சொல்கிறது என்றார்கள். பெரியவர் மாத்திரம், "அலை சொல்லும்" என்றார். காற்றே இல்லாமல் கடல் அமைதியாக இருக்கிற நாளில், நீண்ட முதுகுடைய அலை ஒன்று நிதானமாக வந்து கரையைத் தூக்கித் தூக்கிப் போடுமாம். தொலைவில் எங்கோ காற்று கடலைக் கடைகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. இதில் மாயமில்லை. புயல் எழுப்பும் நீண்ட அலைகள் புயலைவிட வேகமாகப் பிரயாணம் செய்து முன்னதாகவே கரைக்கு வந்துவிடுகின்றன என்பதைக் கடல் நூலாரும் ஒப்புக்கொள்கிறார்கள். "அந்த அலையில் கெடிலம் முகத்துவாரத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். வெளியே போவது சுலபம். திரும்பி வரும்போது மணல்திட்டின் மேல் அலை உடைகிறது பாருங்கள், அங்கேதான் படகு புரளும். வீடு கண்ணுக்குத் தெரியும், சேரமாட்டோம்" என்றார் அவர்.

பதினொன்றரை மணி சுமாருக்கு வெயில் வந்துவிட்டது. திடீரென்று உலகம் பளிச்சென்று ஆயிற்று. கொட்டகையில் இருந்த பேச்சு நின்றது. இளைஞர்கள் எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். கடல் நான் பார்த்த வரையில் பரம சாதுவாகத்தான் இருந்தது.

"வேறு குப்பத்தில் இரண்டு படகு போயிருக்கிறதாம்" என்றான் ஒருவன்.

"சந்தையில் மீனே இல்லை. இன்றைக்கு ஒரு கூடை கொண்டுவந்தால் மூன்று கூடையின் விலை" என்றான் மற்றொருவன்.

"அஸ்தமிப்பதற்குள் திரும்பிவிடலாம்" என்றது மூன்றாவது குரல். அது என் மாணாக்கனுடைய குரல்.

நான் பெரியவரைப் பார்த்தேன். 'போகாதே' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையிலிருந்த உறுப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி டீசலில் போட்டார். என் மாணாக்கன் திரும்பி வந்து கோணியைப் பார்த்தான். அது அவன் படகின் எஞ்சின். பூட்டி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன். பிறகு உட்கார்ந்து வலை ஊசியை எடுத்துக்கொண்டான். அவன் உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"ஐயா, கூண்டு ஏறுகிற நாளெல்லாம் எஞ்சினைப் பிரிப்பீர்களோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சும்மா இருக்கிற நாளில்தானே சுத்தம் செய்ய முடியும்?" என்றார். அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

எனக்கு அந்தக் கணத்தில் ஹடப்ஸரில் சிறகு கழற்ற வைத்த பெரியவர் யார் என்று விளங்கிவிட்டது. அவரை நான் பார்த்ததில்லை. முன்யோசனை இல்லாதவர் என்று எழுதியிருந்தேன்! காலை எட்டு மணிக்கு மழை கொட்டுகிறபோது பறக்க வேண்டாமென்று சொல்வது யாருக்கும் எளிது. மூன்று மணிக்கு வானம் வெளுக்கும், வெளுத்ததும் இருபது வயதுப் பிள்ளைகள் துடிப்பார்கள், அப்போது வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று எட்டு மணிக்கே கண்டவர் அவர். இருபது வயதுக்கு மாத்திரந்தான் இந்தத் துடிப்பு என்பதும் இல்லை. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் 1900 முதல் 1902 வரை அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்மேட்டில் கிளைடர்தான் விட்டுப் பழகினார்கள். அவர்கள் பறந்த நேரத்தைக் காட்டிலும் காற்றுக்காகவும் மழைக்காகவும் கூடாரத்தில் காத்திருந்த நேரமே அதிகம். 1903-ம் வருஷம் அக்டோபரில் புயல் ஒன்று அவர்கள் கொட்டகையின் கூரையைப் பிய்த்தது. தம்பி ஆர்வில் ஏணி வைத்து ஏறி ஆணியடிக்கப் போனார். காற்று அவருடைய மேல்கோட்டைத் தூக்கித் தலையோடு சேர்த்து மூடிவிட்டது. சுத்தியலும் ஆணியும் கோட்டுப் பைக்குள்! டிசம்பர் 17-ம் தேதி உலக சரித்திரத்தில் இடம்பெறப் போகிறவர், அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு கூரையின் மேல் கண் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் கிளைடர்க்காரர்களையும் மீனவர்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவது நியாயமாகாது. என் மருமானுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் ஓர் இன்பம் போயிற்று. திங்கட்கிழமை சம்பளம் நிற்பதில்லை. இங்கே கடலுக்குப் போனால்தான் பங்கு. பிடித்த மீனை விற்ற பணத்தில் எண்ணெய், பனிக்கட்டிச் செலவு போக, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். போகாத நாளில் பிரிக்க ஒன்றுமில்லை. அப்படி எத்தனை நாள்! ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வங்கக் கடல் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்காத மாதங்கள்.

என் மாணாக்கனுடைய தாயார் அன்று தலைச்சுமைக்குப் போகவில்லை. மற்ற நாட்களில் அலுமினியப் பாத்திரத்தில் மீன் எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர்த் தெருக்களில் விற்பவள். வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் வந்ததும் வெளியே பரப்பினாள். தூறல் விழுந்ததும் வாரி உள்ளே கொண்டுபோனாள். நான் இருந்த நேரத்துக்குள் நாலு முறை இது நடந்தது. நடுவில் தண்டல்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். "கூண்டு ஏறியிருக்கிறது, தெரியவில்லையா?" என்று அவள் கேட்டாள். "எனக்குக் கூண்டு கிடையாது அம்மா" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லி, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சர்க்கார் உதவி செய்யாமல் இல்லை. மீன்கள் இனம் பெருகுவதற்காக இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். அந்தக் காலத்துக்கு நிவாரணத் தொகை தருகிறார்கள். சேமிப்புத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. மீனவர் தம் பங்காக 1,500 ரூபாய் கட்டினால், மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஆளுக்கு 1,500 சேர்த்து, 4,500 ஆக மீன் கிடைக்காத மாதங்களில் திருப்பித் தருகின்றன. நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் தடைக் காலத்துக்குத் தேதி உண்டு. காலண்டரில் பார்த்து அதற்கேற்பக் குடும்பம் நடத்தலாம். கூண்டு ஏறும் நாளுக்குத் தேதி கிடையாது. இந்த வருஷம் பத்து நாளோ, முப்பது நாளோ, யாருக்குத் தெரியும்? எத்தனை நாளானாலும் தொகை ஒன்றுதான். 'கடலுக்குப் போகாதே' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர், 'இன்றைக்கு அடுப்புக்கு இவ்வளவு' என்று கூடவே சொல்வாரானால், பெரியவர் எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியம் பாதி குறையும் என்று எனக்குத் தோன்றியது. நிலத்தில் வேலையற்ற நாளுக்கு உழவர்களும் கூலியாட்களும் ஊரக வேலைத் திட்டத்தைக் கேட்டுப் பெற ஒரு சட்டம் 2005-ல் வந்தபோது, அது நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

சாப்பிடும்போது என் மாணாக்கனைக் கேட்டேன்: "ஏன் தம்பி, இத்தனை வருஷம் கடலுக்குப் போகிறவன், நீயுமா அஸ்தமிப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று சொல்வது?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "தம்பிக்கு அடுத்த வாரம் பணம் கட்ட வேண்டும் ஸார். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன். நாலு நாளாகக் கரையில் இருந்தால், புத்தி கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது."

பிறகு கொஞ்சம் தயங்கி, "தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தால் போயிருப்பேன் ஸார்" என்றான்.

அதனால்தான் எல்லோரும் கொட்டகையில் கூடுகிறார்கள் போலும். வலை பின்னுவதற்கு அவரவர் வீட்டுத் திண்ணை போதாதா என்று காலையில் நான் எண்ணியிருந்தேன்.

மாலை ரயிலுக்கு நான் கிளம்பியபோது வெயில் போய்விட்டது. வடகிழக்கில் ஈயம்போல் ஒரு கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் எதிரே இருந்தவர் முகம் தெரியாத அளவுக்கு மழை. பெட்டிக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு சிதம்பரம் வந்து சேர்ந்தேன். வீட்டில் நடந்த சம்பாஷணை இந்தப் பத்திக்கு உரியதல்ல.

அந்த வாரத்திலேயே, 28-ம் தேதி, கடலூருக்கு அருகே கடலுக்குள் நிற்கும் பழைய துறைமேடை ஒன்றில் சிக்கிக்கொண்ட 6 மீனவர்களைக் கடலோரக் காவற்படையார் ஹெலிகாப்டரில் சென்று மீட்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு என் சக உபாத்தியாயர் ஒருவர், "எச்சரித்தும் போகிறார்களே, என்ன ஜன்மங்கள்!" என்றார். மற்றொரு நாளாயிருந்தால் நானும் தலையை ஆட்டியிருப்பேன். "அவர்கள் எஞ்சினைப் பிரித்துப் போட யாருமில்லை போலிருக்கிறது" என்றேன். அவருக்கு நான் சொன்னது புரியவில்லை.

நவம்பர் 30-ம் தேதி இரவு பெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டது. தொட்டதும் போகாமல் அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். அதன்பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து கடலூரின் வடபகுதிகளை மூழ்கடித்தது. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த நாட்களை ஊரார் மறுபடி பேசிக்கொண்டார்கள். கடலூரோடு டெலிபோன் தொடர்பு கிடைக்க எனக்கு இரண்டு நாளாயிற்று. ஒரு விதத்தில் எனக்கு அது பதினோராம் எண் கூண்டுதான்.

மூன்றாம் நாள் அவன் குரல் கேட்டது. குப்பத்தில் தண்ணீர் புகுந்து வடிந்துவிட்டது, கூரைகள் இரண்டு போயின, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றான். தம்பியின் கல்லூரிப் பணத்துக்கு ஒரு வாரத் தவணை கிடைத்திருக்கிறதாம். படகு எப்போது போகும் என்று கேட்டேன். பெரியப்பா எஞ்சினைப் பூட்டிவிட்டார் என்றான்.

அப்புறம் டிசம்பர் நடுவில் ஒரு நாள் அவனே கூப்பிட்டான்.

"கடலுக்குப் போய்வந்தோம் ஸார். நீங்கள் கட்டிய கண்ணும் போய்வந்தது."

"அதில் ஏதாவது மாட்டிற்றா?"

"அது தெரியவில்லை ஸார். ஆனால் அவிழவில்லை."

என் மருமானுக்கு அன்றிரவே கடிதம் எழுதி, சிறகு கழற்றிய பெரியவருக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன். காரணம் எழுதவில்லை. 'மாமாவுக்கு என்ன ஆயிற்று?' என்று என் தங்கைக்கு அவன் எழுதியிருப்பதாகக் கேள்வி. எப்படியோ, வீட்டுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது.